களைச்ச கை

அம்பகாமக் காட்டு விளிம்பில்
எங்களுக்கு ஓய்வு
ஆசையல்ல, சட்டம்.

ஐம்பது நிமிடம் முழங்காலில்.
பிறகு விசில்.
கைவாரி பாதி மண்ணில் நின்றாலும்
அப்படியே விடவேண்டும்.
இன்னும் ஒரு சாண்தான் என்று
முதற்கிழமை கெஞ்சினேன்.
திருநீறு வியர்வையில் கரைந்த நெற்றியோடு
மேற்பார்வை நகுலேசன் சொன்னான்:
"களைச்ச கைக்கு
கல்லும் ஒண்டு, வெடியும் ஒண்டு.
எழும்புங்கோ எமரன்சியா அக்கா."

முகக்கண்ணாடியைத் தூக்கினேன்.
காற்று இருந்தது.
இவ்வளவு நேரமும் இருந்திருக்கிறது.

வீட்டில் விசில் இல்லை.
வான் இறக்கிவிட்ட கையோடு
கோழிக்குத் தீன், பயிற்றைக்குத் தண்ணீர்,
உலை, உடுப்பு, மகளின் கணக்குக் கொப்பி,
செவ்வாய்க்கிழமை வரும் கடன்காரப் பெடியனுக்கு
எண்ணி எண்ணிக் குறையும் காசு.
அந்தோனியார் கோயிலில் இந்த மாதம்
பீடத்துக்குப் பூ என் முறை.
மாதர் சங்கத்துக்குச் செயலாளரும் நான்தான்,
வேறு ஆர் எழுதுவது?
பதினொரு மணிக்குச் செபமாலை.
மூன்றாம் தேவ இரகசியத்தில் விரல் நின்றுவிடும்.
விடிய, பாயில் கன்னத்தோடு ஒட்டிக்கிடக்கும்
சொல்லி முடிக்காத மணிகள்.

தவக்காலத் தியானம், ஒருநாள்,
மாங்குளத்தில், மதியச் சாப்பாடு உண்டென்று
பாதர் பூசை முடிவில் வாசித்தார்.
பதினைந்து பேரை எழுதினேன்,
அடியில் கோடு கிழித்து மூடினேன்.
"நீங்கள்?"
"எனக்கெங்கே நேரம் பாதர்."
அதைச் சொல்லும்போது உள்ளே
சின்னதாய் ஒரு பெருமை இருந்தது.
எந்தப் பாவசங்கீர்த்தனத்திலும்
அதை நான் சொன்னதில்லை.

வியாழக்கிழமை, இரண்டாவது விசிலுக்கு முன்
கை வாரிக்கொண்டிருந்தது.
நான் செவ்வாய்க்கிழமைக்குள் இருந்தேன்.
அடித்தடியை முன்னே நகர்த்தியும் விட்டேன்.
நகுலேசன் வந்து குந்தினான்,
நான் கடந்துபோன இடத்தில்
ஒரு விரற்கடை ஆழத்தில்
மெதுவாய்க் கிளறி எடுத்தான்.

மீன்ரின் மூடி.
துருப்பிடித்த, வட்டமான,
வெறும் மீன்ரின் மூடி.

இருவரும் அதையே பார்த்தபடி இருந்தோம்.
"இண்டைக்கு நீங்கள்
மண்ணைத் தொடவேண்டாம்," என்றான்.

பாலை மரத்தடியில் இருத்திவிட்டார்கள்.
முதலில் கோபம்.
பிறகு, சம்பளம் வெட்டுவார்களோ என்ற கணக்கு.
ஜீவனி கரைத்த போத்தல் சூடேறியது.
கை நடுங்கத் தொடங்கியது அதற்குப் பிறகுதான்.
பயத்திலா, இத்தனை வருடக் களைப்பிலா,
தெரியவில்லை.
ஆண்டவரிடம் கேட்க வழமையாய் ஒரு பட்டியல் இருக்கும்.
அன்று வாய் வரவில்லை.
அவரும் ஒன்றும் கேட்கவில்லை.
பழுக்காத பாலைப்பழம் ஒன்று
மடியில் விழுந்தது.
எடுத்து எறியாமல் வைத்திருந்தேன்.

ஏழாம் நாள் அவர் ஓய்ந்திருந்தாராம்.
களைத்தா?
அவருக்கு ஆர் விசில் அடித்தது?
இன்னும் ஒரு சாண்தான் என்று
அவருக்கும் தோன்றியிருக்காதா,
ஒரு கடல், ஒரு பறவை, ஒரு திருத்தம்?
விட்டுவிட்டு எழும்பியிருக்கிறார்.
நான் எழும்பாமல் இருந்தது
ஆரிடத்தில்?

அன்றிரவு கொப்பியைத் திறந்து
கோட்டுக்குக் கீழே என் பெயரை எழுதினேன்.
பதினாறு.
கோழி கத்தியது. கத்தட்டும்.

மாங்குளத்தில் பாதர் என்ன சொன்னார் என்று
கேட்காதேயுங்கோ.
புயலுக்குள் படகில்
தலையணை வைத்து அவர் படுத்திருந்த கதை,
அதுவரை ஞாபகம்.
சீடர்கள் எழுப்ப முதலே
கடைசி வாங்கில் நான் நித்திரை.

கண் விழித்தபோது சாப்பாட்டு வாசம்,
வெறும் வாங்குகள்,
ஆரோ
மின்விசிறியை என் பக்கம்
திருப்பிவிட்டுப் போயிருந்தார்கள்.